பகல் பதினொரு மணிக்கு நூலகத்தில் ஒரு நாற்காலி

பெறுநர்: பொது நூலகத் துறையினருக்கும், திருப்பூர், ஈரோடு, கோயம்புத்தூர், கரூர், நாமக்கல் மாவட்ட நூலக ஆணைக்குழுவினருக்கும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். நான் காங்கயம் வட்டத்தில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். என் கணவர் தேங்காய்க் களம் வைத்திருக்கிறார். களத்துக் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் மகளுக்கு வயது பதினாறு. ஒன்றரை ஆண்டுகளாக அவள் பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலிருந்தே படித்துவருகிறாள். அவளுக்கும் அவளைப் போன்ற பிள்ளைகளுக்கும் உங்கள் கிளை நூலகங்கள் செய்யக்கூடிய ஓர் உதவியைக் கேட்டு, அதாவது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்களைத் தேர்ந்து காட்டவும் அவற்றைப் படிக்க இடம் தரவும் கேட்டு, இம்மடலை எழுதுகிறேன்.

சென்ற ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும், அவளை அருகிலுள்ள கிளை நூலகத்துக்கு அழைத்துச் சென்றேன். நூலகர் அன்பானவர். "ஏனுங்க, பாப்பாவுக்கு இன்னைக்குப் பள்ளிக்கூடம் லீவுங்களா?" என்று விசாரித்தார். வீட்டிலிருந்துதான் படிக்கிறாள் என்று சொன்னதும் சற்று யோசித்துவிட்டு, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் அமரும் மேசையின் ஓரத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அங்கிருந்த கணினியையும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார். பிறகு, "இதுல என்னங்க படிக்கோணும்? சொன்னீங்கன்னா எடுத்துத் தர்றேன்" என்று கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அந்த ஒரு கேள்விக்கு விடை தேடித்தான் அடுத்து வந்த மாதங்களெல்லாம் செலவாயின. அதே விடையை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாயோ தந்தையோ முதலிலிருந்து தனியாகத் தேட வேண்டியிருப்பதுதான் என் கவலை.

அவள் ஏன் வீட்டுக்கு வந்தாள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல மதிப்பெண் வாங்க வைக்கும் என்று பலரும் சொன்ன ஒரு விடுதிப் பள்ளியில் கடன் வாங்கிச் சேர்த்திருந்தோம். ஒன்பதாம் வகுப்புப் பாடங்களைச் சில மாதங்களில் ஓட்டி முடித்துவிட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். விடிவதற்கு முன்பே எழுப்பி ஒப்பிக்க வைத்தார்கள்; இரவு பத்து மணிக்கும் தேர்வு வைத்தார்கள். பிள்ளைக்கு உறக்கம் போயிற்று, பிறகு உணவு இறங்காமல் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கச் சென்றபோது, "அம்மா, நான் வீட்டுக்கு வந்து படிச்சுக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். அவள் அழவில்லை. அழாமல் சொன்னதுதான் என்னைக் கலக்கியது. அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

என் தந்தையார், அவளுடைய அப்பிச்சி, "பள்ளிக்கூடத்த நிறுத்திப்போட்டு புள்ளைய என்ன பண்றதா உத்தேசம் அம்மிணி?" என்று கேட்டார். ஊராரும் உறவினரும் கேட்ட கேள்வியும் அதுதான். கட்டாயக் கல்விக்கான 2009 ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றியது என்பதையும், மகளுக்குப் பதினான்கு முடிந்துவிட்டது என்பதையும் அவருக்கு எடுத்துச் சொன்னேன். தேர்வு எழுத இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மாநில அரசின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது. மற்றொன்று, 1989 இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதிவு செய்துகொள்வது. பதினான்கு வயது நிறைந்தவர்கள் அங்கே பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். ஐந்து பாடங்களில் தேறினால் போதும். ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, பதிவு செல்லுபடியாகும் ஐந்து ஆண்டுகளுக்குள் ஒவ்வொன்றாகவும் எழுதி முடிக்கலாம். களைத்து வந்த பிள்ளைக்கு இந்த இரண்டாவது வழியே பொருந்தும் என்று முடிவு செய்தோம். அதன் பாடநூல்கள் அந்நிறுவனத்தின் இணையதளத்திலேயே இலவசமாக இருக்கின்றன.

பாடநூல் கிடைத்துவிட்டது. சொல்லிக்கொடுக்க யார் என்ற கேள்வி எழுந்தது. அஞ்சல் வழியில் இளங்கலை முடித்த நான் கணக்குப் பேரேட்டை எழுதுவேன். முக்கோணவியலை எப்படிச் சொல்லித் தருவேன்? அந்த இடத்தில்தான் இணையம் எங்களுக்குக் கைகொடுத்தது. நான் கேட்கும் உதவியின் மதிப்பு உங்களுக்கு விளங்க வேண்டுமானால், அது எப்படிக் கைகொடுத்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் கணக்கு. இருபடிச் சமன்பாட்டில் அவள் தடுமாறினாள். கான் அகாடமி என்ற இலாப நோக்கற்ற அமைப்பு 2008 முதல் நடந்துவருகிறது. அதன் பாடங்களுக்கும் பயிற்சிகளுக்கும் கட்டணம் எதுவும் இல்லை. அதில் பயிற்சி செய்யத் தொடங்கியபோது, அவளுடைய தடுமாற்றம் இருபடிச் சமன்பாட்டில் இல்லை, ஏழாம் வகுப்பிலேயே சரியாகப் புரியாமல் போன பின்னத்திலும் குறை எண்ணிலும் இருக்கிறது என்று தெரிந்தது. பதினைந்து வயதுப் பெண் ஏழாம் வகுப்புப் பின்னத்தைப் போட்டுப் பார்ப்பதைக் கேலி செய்ய வீட்டில் யாரும் இல்லை. கணினியும் கேலி செய்யாது. ஒன்றரை மாதம் பின்னத்திலேயே கிடந்தாள். பிறகு இருபடிச் சமன்பாடு நான்கு நாளில் முடிந்தது. ஒரு வகுப்பறையில் நாற்பது பேருக்கு நடுவே அவளுக்கு இந்த ஒன்றரை மாதத்தை எந்த ஆசிரியராலும் கொடுத்திருக்க முடியாது. அது ஆசிரியரின் குற்றமும் இல்லை.

அடுத்தது மின்னோட்டம். தொடரிணைப்பு, பக்க இணைப்பு ஆகியவற்றின் வாய்பாடுகளை அவள் மனப்பாடமாகச் சொல்வாள். பக்க இணைப்பில் மின்தடை ஏன் குறைகிறது என்று கேட்டால் விழிப்பாள், நானும் விழித்தேன். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002 இல் தொடங்கிய ஃபெட் என்ற திட்டம், திரையிலேயே செய்து பார்க்கும் அறிவியல் சோதனைகளை எல்லாருக்கும் இலவசமாகத் தருகிறது. அவற்றில் சில தமிழிலும் உள்ளன. மின்கலத்தையும் கம்பியையும் விளக்குகளையும் எடுத்துத் தானே பூட்டினாள். தொடரில் ஒரு விளக்கைக் கழற்றினால் எல்லாம் அணைந்தன; பக்க இணைப்பில் ஒன்றைக் கழற்றியும் மற்றவை அதே வெளிச்சத்தில் எரிந்தன. அன்று மாலையே களத்துக்குப் போய், மெயினை அணைக்கச் சொல்லி, போர் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்க வைத்து, எது எதனோடு எப்படி இணைந்திருக்கிறது என்று தன் அப்பாவிடம் கேட்டுக் கேட்டுப் படம் வரைந்தாள். எத்தனையோ ஆண்டுகளாக அந்தப் பெட்டிக்குத் தானே ஃபியூஸ் போட்டுவருபவர் அவர். "எனக்கே இப்பத்தான் கண்ணு விளங்குது" என்றார்.

வரலாறு இன்னும் அருகில் வந்தது. சென்னிமலைப் பக்கம், நொய்யல் கரையில் உள்ள கொடுமணல் எங்கள் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில்லை. அங்கே இரும்பு உருக்கியதையும் மணி கோத்ததையும் அகழாய்வு செய்து கண்டிருக்கிறார்கள் என்பதைத் தமிழ் விக்கிப்பீடியாவில் படித்தாள். பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் என்ற ஊர் இதுதான் என்று அறிஞர்கள் கருதுவதைத் தெரிந்துகொண்டு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் அந்தப் பாடல்களை உரையோடு எடுத்துப் படித்தாள். அக்காலத்தில் பச்சைக்கல் என்ற மணிக்கல்லை எடுத்த படியூர் வழியாகத்தான் நாங்கள் திருப்பூருக்குப் பேருந்தில் போகிறோம். எத்தனையோ முறை தூங்கிக்கொண்டே கடந்த ஊரை இப்போது சன்னல் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு வருகிறாள்.

இன்னும் பல உண்டு. எல்லாவற்றையும் சொல்ல இடமில்லை. தமிழக அரசு 2018 முதல் வெளியிட்ட புதிய பாடநூல்களில் உள்ள கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் காட்டினால் திக்ஷா என்ற அரசுக் கல்வித் தளத்தில் அந்தப் பாடத்துக்குரிய காணொளி திறக்கிறது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபில் இருக்கின்றன. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் கணினிப் பாடங்களைத் தமிழ்க் குரலிலேயே சொல்லித்தருகிறது. களத்துக் கணக்கை லிப்ரேஆபீஸ் என்ற இலவச மென்பொருளின் விரிதாளுக்கு மாற்றியது என் மகள்தான், அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டுதான். அரவிந்த் குப்தாவின் தளத்தில் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ட்யூபையும் வைத்து அறிவியல் கருவி செய்யும் காணொளிகள் உள்ளன. கல்லூரி வயதை நெருங்கும்போது ஸ்வயம், என்பிடெல் என்ற அரசு சார்ந்த தளங்களின் கல்லூரிப் பாடங்கள் உள்ளன. தேர்வும் சான்றிதழும் வேண்டுமென்றால்தான் கட்டணம், படிப்பதற்கு இல்லை.

இவ்வளவு இருந்தும் நான் ஏன் உங்களிடம் வருகிறேன்? பொருள் இருக்கிறது, அதற்கு வழி காட்ட ஆள் இல்லை. மேலே நான் பெயர் சொன்ன ஒவ்வொன்றையும் நாங்கள் கண்டடைந்தது தற்செயலாக. தேடுபொறியில் பாடத்தின் தலைப்பைப் போட்டால் ஆயிரம் காணொளிகள் வந்து நிற்கும். எது இப்போதைய பாடநூலுக்கு உரியது, எது பழைய பாடத்திட்டத்துக்கு உரியது என்பது தலைப்பில் தெரியாது. தன் புத்தகத்திலேயே இல்லாத இரண்டு பாடங்களை இரண்டு வாரம் உட்கார்ந்து படித்து, குறிப்பும் எடுத்த பிறகுதான் அது பழையது என்று அவளுக்குத் தெரிந்தது. அன்று அவள் நோட்டை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்ததை நான் மறக்கவில்லை.

இலவசம் என்று எழுதியிருப்பதெல்லாம் இலவசமும் இல்லை. ஒரு செயலி ஏழு நாள் இலவசம் என்று சொல்லிக் கைப்பேசி எண்ணைக் கேட்டது, கொடுத்தேன். அன்று இரவே அழைப்பு வந்தது. மறுநாள் மூன்று முறை வந்தது. "பொண்ணோட எதிர்காலத்துல உங்களுக்கு அக்கறை இல்லைங்களா மேடம்?" என்று கேட்டார்கள். மாதத் தவணைக்கு ஒப்புக்கொள்ளும்படி ஒரு மணி நேரம் வற்புறுத்தினார்கள். மறுத்துவிட்டேன், ஆனால் மறுத்த பிறகும் பல நாள் எனக்குள் ஒரு குற்ற உணர்வு இருந்தது, மகளுக்கு எதையோ கொடுக்காமல் விட்டுவிட்டேனோ என்று. உண்மையில் அவர்கள் விற்கவந்த பாடங்களுக்கு ஈடானவை அரசு தளங்களிலும் பொதுநல அமைப்புகளின் தளங்களிலும் விலையில்லாமல் கிடந்தன. அதை எனக்குச் சொல்ல, விற்பதற்கு எதுவும் இல்லாத ஒருவர் தேவைப்பட்டார்.

மொழியும் ஒரு தடை. நல்ல பாடங்களில் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில்தான் உள்ளன. கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவுக்கு என் மகளுக்கு ஆங்கிலம் வந்துவிட்டது. தமிழ்வழியில் படித்துப் பாதியில் நின்றுபோன பிள்ளைக்கு அப்படி இருக்காது. அந்தப் பிள்ளைக்கு எவை தமிழில் உள்ளன, எவற்றில் தமிழ் வரி ஓடுகிறது, எவை சொல்லே இல்லாமல் படத்தாலேயே விளங்கும் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். கருவியோ எங்கள் வீடுகளில் ஒரே ஒரு கைப்பேசி. அது காலையில் அப்பாவோடு களத்துக்கோ தறிக்கோ கம்பெனிக்கோ போய்விடும். நாளுக்கு ஒன்றரை ஜி.பி. என்ற திட்டத்தில் இரண்டு பிள்ளைகள் காணொளி பார்த்தால் மாலைக்குள் தீர்ந்துவிடும். உள்ளங்கை அகலத் திரையில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து மகளுக்குக் கண்வலி வந்தது.

இந்தக் குறைகள் ஒவ்வொன்றுக்கும் விடை கேட்கும்போது என் மனம் மீண்டும் மீண்டும் நூலகத்துக்கே போகிறது. தேடித் தருவதும், பிரித்து அடுக்குவதும், இதைப் படித்தபின் அதைப் படி என்று கை காட்டுவதும் நூலகரின் தொழில். வாசகரின் நேரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதை நூலகத்தின் ஐந்து விதிகளுள் ஒன்றாக வைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். பொது நூலகச் சட்டம் 1948 இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியபோது கல்வி அமைச்சராக இருந்தவர் திருப்பூரில் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம். அவருடைய முயற்சியால் உருவான தமிழ் வளர்ச்சிக் கழகம்தான் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. அதன் முதன்மைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன், மொடக்குறிச்சிப் பக்கத்து மஞ்சக்காட்டுவலசுக்காரர். அன்று உலகத்து அறிவில் தேவையானதைத் தேர்ந்து, தமிழில் எழுதி, அகர வரிசையில் அடுக்கிக் கொடுத்தார்கள். அந்தப் பத்துத் தொகுதிகளும் இன்று இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன என்பது எங்கள் பகுதி நூலகங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நான் கேட்பதும் அவர்கள் செய்த அதே வேலையின் சிறு பகுதியைத்தான்: தேர்ந்து, தமிழில் எழுதி, அடுக்கிக் கொடுங்கள்.

இதற்குப் புதிதாக வரி விதிக்கச் சொல்லவில்லை. வீட்டு வரி ரசீதில் ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் நூலக வரியை நாங்கள் ஏற்கெனவே செலுத்திவருகிறோம். மனமுவந்துதான் செலுத்துகிறோம்.

முதல் வேண்டுகோள் ஒரு கையேடு. பதினான்கு முதல் பதினெட்டு வயது வரையுள்ளவர்களுக்காக, பாடவாரியாக, இப்போதைய மாநிலப் பாடநூலின் அலகுகளுக்கும் திறந்தநிலைப் பள்ளியின் பாடங்களுக்கும் நேராக, எந்த இலவசத் தளத்தில் எந்தப் பகுதி உதவும் என்று தமிழில் எழுதிய பட்டியல் அது. தளத்தின் முகவரியை மட்டும் கொடுத்துவிட்டால் போதாது. அது தமிழா ஆங்கிலமா, கைப்பேசி எண் கேட்குமா, பணம் கேட்குமா, அதற்கு முன் எதைப் படித்திருக்க வேண்டும் என்பவை ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு வரியில் இருக்க வேண்டும். தளங்கள் மாறும், மூடும்; ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையாவது, வைகாசியில் பள்ளி திறக்கும் முன்பாக, யாரேனும் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். மாவட்ட மைய நூலகத்தில் ஒரு நூலகரும், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நான்கைந்து பேரும் சேர்ந்தால் இதைச் செய்துவிடலாம் என்று நம்புகிறேன். ஈரோட்டிலும் கோவையிலும் அப்படிப்பட்ட ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை, கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

அடுத்தது இணையம் இல்லாமலும் படிக்கும் வசதி. தாளவாடியிலும் பர்கூர் மலையிலும் வால்பாறையிலும் இருக்கும் பிள்ளைகளை நினைத்து இதைக் கேட்கிறேன். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் விக்கிப்பீடியாவை முழுவதுமாக இறக்கி வைத்துக்கொண்டு இணைப்பே இல்லாமல் படிக்கலாம். ஆங்கில விக்கிப்பீடியாவே படங்களோடு ஏறத்தாழ நூறு ஜி.பி.தான், தமிழ் விக்கிப்பீடியா ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். கோலிப்ரி என்ற மற்றொரு இலவச மென்பொருள், கான் அகாடமி பாடங்கள், ஃபெட் சோதனைகள் முதலியவற்றை ஒரு கணினியில் சேமித்துவைத்து, அந்த அறைக்குள் இருக்கும் மற்றக் கணினிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் இணையம் இன்றியே வழங்குகிறது. இப்பாடங்கள் பலவும், பிறர் எடுத்துப் பயன்படுத்த இசைவு தரும் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் வெளியானவை. வணிக நோக்கமின்றிப் படியெடுத்துக் கொடுப்பதற்குத் தடையில்லை. யூடியூப் காணொளிகளை அப்படி எடுத்துவைக்க முடியாது என்பதையும் அறிவேன். எவற்றை எடுக்கலாம், எவற்றை எடுக்கக்கூடாது என்று பிரித்துச் சொல்லவும் நூலகரே தகுந்தவர். மாவட்ட மைய நூலகத்தில் ஒரு முறை தொகுத்துவிட்டால், கிளை நூலகங்களுக்கு வன்தட்டில் படியெடுத்து அனுப்பிவிடலாம்.

இன்னொன்று, இடமும் நேரமும். எங்கள் கிளை நூலகம் நண்பகலில் மூடி மாலையில் திறக்கிறது. வீட்டில் படிக்கும் பிள்ளைக்குப் பகல்தான் படிக்கும் நேரம். எல்லா நூலகங்களையும் பகல் முழுவதும் திறந்து வைக்க ஆள் போதாது என்பது தெரியும். வட்டத்துக்கு ஒரு நூலகமாவது, வாரத்தில் மூன்று நாளாவது, காலை பத்து முதல் மாலை நான்கு வரை திறந்திருந்தால் போதும். போட்டித் தேர்வு எழுதும் இளைஞர்களுக்கு மேசையும் நூல்களும் ஒதுக்கி நல்ல வழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறீர்கள். அதன் பக்கத்தில் இன்னொரு மேசை வேண்டும். பெண் பிள்ளைகள் நாள் முழுவதும் இருக்க வேண்டுமானால் தண்ணீர் வரும் கழிப்பறை வேண்டும். இதைச் சிறிய விஷயமென்று ஒதுக்கிவிடாதீர்கள். என் மகள் நூலகத்திலிருந்து மூடுவதற்கு முன்பே எழுந்து வந்துவிடுவதற்குக் காரணம் பாடம் சலித்துப்போனது அன்று.

இந்த மேசை வீட்டில் படிக்கும் சில குடும்பங்களுக்கு மட்டும்தானா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரிந்து எங்கள் வட்டாரத்தில் நான்கு குடும்பங்கள்தான் இப்படி இருக்கின்றன. ஆனால் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்குப் பதினைந்து பதினாறு வயதில் அப்பாவோடு வந்துவிட்டு, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாமல் நிற்கும் பிள்ளைகளும், ஆண்டு நடுவில் ஊர் மாறிப் பள்ளியில் சேர முடியாமல் போனவர்களும், நோயினால் நின்றவர்களும், திருமணத்துக்காக நிறுத்தப்பட்ட பெண்களும் இருக்கிறார்கள். அவர்களும் தனித்தேர்வர்களே. "வீட்டுக் கல்வி" என்ற பெயர் அவர்களுக்கு இல்லை. ஆனால் ஆசிரியர் இல்லாமல் படிக்க வேண்டிய நிலையில் எங்களுக்கும் அவர்களுக்கும் வேறுபாடில்லை. எங்களுக்காவது ஒரு கைப்பேசியும் நேரமும் இருக்கின்றன. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே இருக்கிறது; ஆகவே அந்த மூன்று நாளில் ஒன்று ஞாயிறாக இருக்கட்டும்.

இது பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து இழுத்துவிடும் என்று கல்வித் துறையினர் சிலர் அஞ்சக்கூடும். நான் அரசுப் பள்ளியில் படித்தவள். அங்கே எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியையை இன்றும் வழியில் கண்டால் வண்டியை நிறுத்தி இறங்குவேன். பள்ளிக்கு இணையம் ஈடாகாது. ஆய்வகத்துக்கு ஈடாகவே ஆகாது. திரையில் அமிலத்தை ஊற்றிப் பார்ப்பதும் கையில் சோதனைக் குழாயைப் பிடித்துப் பார்ப்பதும் ஒன்றல்ல என்று மகளே சொல்கிறாள். பள்ளியில் இருக்கும் பிள்ளை பள்ளியிலேயே இருக்கட்டும். ஏதோ காரணத்தால் வெளியே வந்துவிட்ட பிள்ளையைப் பற்றித்தான் பேசுகிறேன்.

சூலூருக்கு அருகே கலங்கலில் பிறந்த ஜி. டி. நாயுடுவை எடுத்துக்காட்டாகச் சொல்லி, "அவரு படிச்சா கிழிச்சாரு, உம்பட புள்ளையும் பொழச்சுக்கும்" என்று உறவினர் ஒருவர் என்னைத் தேற்றினார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட அவர், பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டித்தான் பொறியியலைத் தொடங்கினார். அந்தத் தேற்றல் எனக்கு முழு ஆறுதலைத் தரவில்லை. பிரித்துப் பார்க்க அவர் கையில் ஒரு வண்டி இருந்தது. என் மகள் கையிலும் அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்றுதானே கேட்கிறேன்.

கோவை அனுப்பர்பாளையத்தில் தந்தை பெரியார் பெயரிலான பெரிய நூலகத்துக்கும் அறிவியல் மையத்துக்கும் 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டபோது மனம் மகிழ்ந்தோம். எங்கள் ஊரிலிருந்து அங்கே போய்வர ஒரு பகல் ஆகும். ஆண்டுக்கு இரண்டு முறை அழைத்துச் செல்வேன். மற்ற நாட்களுக்குப் பக்கத்து ஊர்க் கிளை நூலகம்தான். நான் கூறிய கையேட்டைத் தொகுக்கும் பொறுப்பை அந்தப் பெரிய நூலகம் ஏற்றால், கொங்கு மாவட்டங்கள் அனைத்துக்கும் அது பயன்படும்.

எங்களால் ஆனதையும் செய்யச் சித்தமாயிருக்கிறோம். மகள் ஒரு நீளநோட்டில் தான் படித்த ஒவ்வொரு பாடத்துக்கும் எது உதவியது, எது உதவவில்லை, எது இடையில் பணம் கேட்டது என்று தேதியிட்டு எழுதிவைத்திருக்கிறாள். அதைத் தட்டச்சு செய்து எங்கள் கிளை நூலகரிடம் ஒப்படைக்கிறோம். உங்கள் கையேட்டுக்கு அது முதல் படியாக இருக்கட்டும். கணக்குக்கு இருபத்திரண்டு பக்கம், இயற்பியலுக்குப் பதினாறு, வரலாற்றுக்கும் தமிழுக்கும் சேர்த்து முப்பது பக்கம் நிறைந்திருக்கின்றன. வேதியியலுக்கு ஒதுக்கிய பக்கங்களில் மூன்றுதான் எழுதியிருக்கிறாள். தமிழில் அதற்கு நல்ல பாடங்களை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. வரும் ஐப்பசியில் வேதியியலும் அடங்கிய அறிவியல் தாளை அவள் எழுத வேண்டும். உங்கள் நூலகர்களில் வேதியியல் படித்தவர் யாரேனும் இருந்தால், அந்தப் பக்கங்களை நிரப்ப உதவும்படி அவரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
காங்கயம் வட்டத்திலிருந்து ஒரு தாய்